சுரங்கப் பகுதி ஆற்று நீர்: குடிக்கத் தகுந்ததா என அறிவது எப்படி?

சென்ற கோடையில், சுரங்கம் நடைபெறும் ஒரு பகுதியிலிருந்து விவசாயி ஒருவர் என்னைக் காண வந்தார். கையில் ஒரு பாட்டில் ஆற்று நீரும், நான்காக மடித்த ஓர் ஆய்வு அறிக்கையும் இருந்தன. ஊர்க் கிணறு வற்றிவிட்டதால் ஆற்றோரம் உறைகிணறு இறக்கி, மூன்று மாதங்களாக அந்த நீரையே குடித்து வருவதாகச் சொன்னார். அறிக்கையை விரித்துக் காட்டி, "சார், நல்ல தண்ணீர்னு எழுதிக் குடுத்திருக்காங்க. பயிருக்கு நல்லதுன்னா பிள்ளைங்களுக்கும் நல்லதுதானே?" என்று கேட்டார்.

அறிக்கையில் தவறு ஏதும் இல்லை. கார அமில நிலை, மின் கடத்தும் திறன், சோடியம் ஈர்ப்பு விகிதம், எஞ்சிய சோடியம் கார்பனேட் ஆகிய நான்கையும் அளந்து, "பாசனத்துக்கு ஏற்ற நீர்" என்று முடிவு எழுதப்பட்டிருந்தது. அவர் பயிருக்காகக் கேட்டார். ஆய்வுக்கூடம் பயிருக்காகப் பதில் சொன்னது. அந்தப் பதிலைக் குடிநீருக்கும் பொருத்திக்கொண்டதில்தான் பிழை நேர்ந்தது. "இது பாசனத்துக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்க்காமல் இத்தகைய முடிவுகளை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தக் குறையை நிறைவு செய்யும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தெளிவு மட்டும் சான்றாகாது

கலங்கிய நீர் கெட்டது, தெளிந்த நீர் நல்லது என்பது நாம் வழிவழியாகக் கொண்டுள்ள எண்ணம். சுரங்கப் பகுதியில் இந்த எண்ணம் நம்மை ஏமாற்றிவிடும்.

நிலக்கரியிலும் பல உலோகத் தாதுக்களிலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த 'பைரைட்' என்னும் கனிமம் கலந்திருக்கும். பூமிக்கடியில் இருக்கும் வரை அதனால் தீங்கில்லை. தோண்டி வெளியே கொட்டும்போது காற்றும் மழைநீரும் பட்டு அது கந்தக அமிலமாகவும் கரையும் இரும்பாகவும் மாறுகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் இம்மாற்றத்தை விரைவுபடுத்துகின்றன. இந்த அமிலம் பாறையிலுள்ள அலுமினியம், மாங்கனீசு முதலிய உலோகங்களையும் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது.

கலங்கல் நீரைத் தெளியவைக்க நாம் குடத்தில் படிகாரத்தைச் சுற்றுகிறோம் அல்லவா? படிகாரம் என்பது அலுமினியமும் சல்பேட்டும் சேர்ந்த உப்பே. அமிலச் சுரங்க நீரில் அவ்விரண்டும் கரைந்தே வருகின்றன. ஆகவே களிமண் துகள்கள் தாமே அடியில் படிந்து, நீர் கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவே சில வேளைகளில் அபாயத்தின் அறிகுறியாகிவிடுகிறது.

மேகாலயா மாநிலத்தின் கிழக்கு ஜெயிந்தியா மலை மாவட்டத்தில் ஓடும் லூக்கா ஆறு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குளிர்காலத்தில் அந்த ஆறு பார்ப்பவர் வியக்கும் ஆழ்ந்த நீல நிறம் பெறுகிறது. அதே பருவத்தில் மீன்கள் செத்து மிதந்ததும் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களின் அமில வடிநீரே இதற்கு முக்கியக் காரணமாகச் சுட்டப்படுகிறது. அதே மலைப்பகுதி நீரைப் பெறும் கோபிலி ஆற்றில், நீர்மின் நிலையத்தின் இரும்புப் பாகங்களையே அமில நீர் அரித்துவிட்டது. இம்மலைகளில் எலிவளை போலக் குடைந்து நிலக்கரி எடுக்கும் முறையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடை செய்தது. ஆனால் கைவிடப்பட்ட குழிகளும் மண்மேடுகளும் ஒவ்வொரு மழைக்கும் அமிலத்தைக் கசியவிட்டுக்கொண்டுதான் இருக்கும். எனவே "சுரங்கத்தை மூடிவிட்டார்கள், இனிக் கவலையில்லை" என்று எண்ணிவிடக் கூடாது.

ஜப்பான் விவசாயிகள் கற்ற பாடம்

ஜப்பானில் ஜின்சு ஆற்றின் மேற்பகுதியில் கமியோகா என்னும் துத்தநாக, ஈயச் சுரங்கம் இருந்தது. துத்தநாகத் தாதுவோடு காட்மியம் என்ற நச்சு உலோகமும் கலந்திருப்பது இயல்பு. அது ஆற்று நீரிலும் வண்டலிலும் கலந்து, கீழே தோயாமா சமவெளியின் நெல்வயல்களை அடைந்தது. மக்கள் அந்த நீரைக் குடித்தனர். அந்த வயலின் அரிசியை உண்டனர். பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் கெட்டு, எலும்புகள் மெலிந்து, இருமினாலும் எலும்பு முறியும் கொடிய நோய் கண்டது. பிள்ளைகள் பெற்ற நடுத்தர வயதுப் பெண்களும் முதிய பெண்களுமே பெரிதும் பாதிக்கப்பட்டனர். அவர்கள் வலியால் அலறிய சொல்லே நோய்க்குப் பெயராயிற்று. 'இதாய் இதாய்' என்றால் 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று பொருள்.

இது சுரங்கக் காட்மியத்தால் வந்த நோய் என்று ஜப்பான் அரசு 1968-இல் ஏற்றது. 1971-இல் நீதிமன்றமும் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. கெட்டுப்போன 800 எக்டருக்கும் மேற்பட்ட வயல்களைச் சீர்செய்யும் பணி 2012-இல்தான் நிறைவுற்றது. நீரில் கரைந்த நுண்ணிய அளவு உலோகத்துக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நோய் வந்த பின் அறிவதைவிட ஆய்வு செய்து முன்பே அறிவதே நலம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

நம் மாநிலத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியும், அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல்லும், சேலம் பகுதியில் மேக்னசைட்டும் வெட்டி எடுக்கப்படுகின்றன. கனிமம் வேறுபட்டால் நீரில் தேட வேண்டிய பொருளும் வேறுபடும். இவ்விடங்களின் நீரெல்லாம் கெட்டுவிட்டது என்று இங்கே சொல்ல வரவில்லை. கெட்டதா இல்லையா என்பதை அறியும் வழியையே சொல்கிறோம்.

முதலில் ஆற்றோரம் நடந்து பாருங்கள்

ஆய்வுக்கூடத்துக்குப் போகுமுன் ஊரார் நால்வர் சேர்ந்து, சுரங்கத்துக்கு மேலே இருந்து ஊர் உறைகிணறு வரை கரையோரமாக நடந்து பார்க்க வேண்டும். ஒரு தாளில் ஆற்றை வரைந்து, கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளவும்.

1. சுரங்கத்திலிருந்து நீர் இறைத்து விடும் கால்வாய்கள், மண்மேட்டிலிருந்து மழைநீர் வடியும் வாய்க்கால்கள், தாது கழுவிய நீர் தேங்கும் குட்டைகள்.
2. கல்லிலும் மணலிலும் காவி அல்லது மஞ்சள் நிறப் படிவு. இது இரும்பு படிவதைக் காட்டும். வெண்மையான படிவு அலுமினியத்தைக் குறிக்கலாம்.
3. நீருக்குள் உயிர்கள். சுரங்கத்துக்கு மேலே கற்களைப் புரட்டினால் பூச்சிகளின் இளம்பருவங்களும் நத்தைகளும் கிடைத்து, கீழே ஒன்றுமே இல்லையென்றால் அது வலுவான எச்சரிக்கை. ஆனால் மீன் இருப்பதனாலேயே நீர் குடிக்கத் தகுந்தது என்று முடிவு செய்யக் கூடாது.
4. குடியிருப்புக் கழிவு கலக்கும் இடங்கள். சுரங்கத்தை மட்டுமே பார்த்து, பேதி உண்டாக்கும் கிருமிகளை மறந்துவிடுவதும் தவறு.

நிறம் காட்டும் காகிதப் பட்டையால் பல இடங்களில் கார அமில நிலையைப் பார்த்துக் குறிக்கலாம். மண் ஆய்வில் நாம் அறிந்த அதே அளவுதான் இது. ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும். 7-லிருந்து 4-க்கு இறங்கினால் ஆயிரம் மடங்கு என்று பொருள்.

ஆனால் இந்த எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அமிலம் முறிந்து, பி.எச். 7-க்கு வந்துவிடும், சல்பேட் மட்டும் நீரிலேயே தங்கிவிடும். ஆகவே சுரங்கத்தின் சுவட்டைக் காண சல்பேட்டையும் மின் கடத்தும் திறனையும் அளப்பது இன்றியமையாதது.

மாதிரி எடுக்கும் இடமும் காலமும்

ஒரே ஒரு பாட்டில் நீரைக் கொண்டு ஆற்றை மதிப்பிட முடியாது. குறைந்தது நான்கு இடங்களில் மாதிரி தேவை: சுரங்கத்துக்கு மேலே, சுரங்க நீர் வந்து விழும் வாயில், அது ஆற்றோடு நன்கு கலந்த பின் கீழே ஓரிடம், ஊரார் நீர் எடுக்கும் உறைகிணறு அல்லது குழாய்.

மேலுள்ள மாதிரிதான் நமக்கு ஒப்பீட்டு அளவு. வயலில் உரமிடாத பாத்தியை ஒப்பீட்டுக்கு விடுவது போன்றது இது. மேலேயும் கீழேயும் இரும்பு ஒரே அளவில் இருந்தால் அது அம்மண்ணின் இயல்பாக இருக்கலாம். கீழே மட்டும் கூடினால் காரணம் இடையில் இருக்கிறது.

காலத்தைப் பொறுத்தவரை மூன்று முறை எடுப்பது நல்லது. ஆற்றில் நீர் குறைந்து எல்லாம் செறிவாகும் ஏப்ரல், மே மாதங்கள். மண்மேட்டில் கோடை முழுதும் சேர்ந்ததை முதல் பெருமழை கழுவி இறக்கும் நாள். வெள்ளம் வடிந்த பின் தை மாதம். வெள்ளக் காலத்தில் மட்டும் எடுத்த மாதிரி, நீர்த்துப்போய், நல்ல சான்றிதழ் கொடுத்துவிடும்.

மாதிரி எடுக்கும் முறை

பாட்டில்களை ஆய்வுக்கூடத்திலிருந்தே பெறுவது சிறந்தது. பொதுவான உப்புகளுக்கு ஒரு பாட்டில், உலோகங்களுக்கு ஒன்று, கிருமிகளுக்கு ஒன்று என மூன்று தேவைப்படும்.

பொது பாட்டிலை அதே ஆற்று நீரால் மூன்று முறை அலசிய பிறகு நிரப்பவும். உலோகங்களுக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சிறிதளவு இட்டுத் தந்திருப்பார்கள். உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவே அது இடப்படுகிறது. அதை அலசக் கூடாது. கையில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிருமி நீக்கிய பாட்டிலையும் அலசாமல், உள்பக்கம் விரல் படாமல், சிறிது இடம் விட்டு நிரப்பிப் பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்ப்பிக்கவும்.

நீர் வரும் திசையை நோக்கி நின்று, காலால் கலங்காத முன்பக்க நீரை எடுக்கவும். நுரையும் சருகும் மிதக்கும் மேற்பரப்பையும், அடி வண்டலையும் தவிர்க்கவும். எடுத்தவுடன் இடம், நாள், நேரம், முந்தைய இரண்டு நாட்களில் மழை உண்டா என்பவற்றைப் பாட்டிலில் ஒட்டிய தாளில் எழுதிவிடவும்.

எதை ஆய்வு செய்யக் கேட்பது?

சுரங்கப் பகுதி மக்கள் தவறவிடுவது இந்தக் கேள்வியைத்தான். ஊராட்சிகளில் வழங்கப்பட்டுள்ள களச் சோதனைப் பெட்டிகள் பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, புளோரைடு, இரும்பு, நைட்ரேட் முதலியவற்றைக் காட்ட உதவுகின்றன. ஆனால் ஈயம், காட்மியம், நிக்கல் போன்றவற்றை அவை பொதுவாகக் காட்டுவதில்லை. அச்சோதனையில் தேறியது என்பதற்கு, சோதித்தவை அளவுக்குள் உள்ளன என்பதே பொருள். சோதிக்காத உலோகம் இல்லை என்று பொருளாகாது.

ஆகவே சுரங்கத்தின் கனிமத்தைச் சொல்லி, அதற்கேற்ற ஆய்வைப் பெயர் குறித்துக் கேட்க வேண்டும்.

நிலக்கரி, பழுப்பு நிலக்கரி: சல்பேட், இரும்பு, மாங்கனீசு, அலுமினியம், ஆர்சனிக், பாதரசம்.
துத்தநாகம், ஈயம்: காட்மியம், ஈயம், துத்தநாகம்.
மேக்னசைட், குரோமைட்: மக்னீசியம், கடினத்தன்மை, குரோமியம், நிக்கல்.
பாக்சைட்: கலங்கல், அலுமினியம், இரும்பு.
தங்கம்: ஆர்சனிக், பாதரசம், சயனைடு.
சுண்ணாம்புக்கல், கருங்கல்: கலங்கல், கடினத்தன்மை, நைட்ரேட். வெடிமருந்தில் உள்ள அம்மோனியம் நைட்ரேட் நீரில் எஞ்சுவதுண்டு.

எந்தச் சுரங்கமானாலும் பி.எச்., மொத்த உப்புகள், கிருமி ஆய்வு ஆகியவை கட்டாயம் சேர வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தை முதலில் அணுகலாம். உலோகங்களை அளக்கும் கருவி அங்கே இல்லையெனில், எங்கே அனுப்புவது என்று கேட்டு அறிந்துகொள்ளவும்.

அறிக்கையைப் படிக்கும் முறை

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500 (2012-ஆம் ஆண்டுப் பதிப்பும் பின்வந்த திருத்தங்களும்) குறிக்கும் அளவுகளில் நமக்கு வேண்டியவை கீழே தரப்படுகின்றன. பி.எச்.சும் கிருமியும் தவிர மற்றவை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. இரண்டு எண்கள் உள்ள இடத்தில், இரண்டாவது எண் வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது மட்டும் பொறுத்துக்கொள்ளத் தக்க உச்ச அளவு.

பி.எச். – 6.5 முதல் 8.5 வரை
கரைந்துள்ள மொத்த உப்புகள் – 500, 2000
கடினத்தன்மை – 200, 600
சல்பேட் – 200, 400
நைட்ரேட் – 45
இரும்பு – 1.0
மாங்கனீசு – 0.1, 0.3
அலுமினியம் – 0.03, 0.2
குரோமியம் – 0.05
நிக்கல் – 0.02
ஈயம் – 0.01
ஆர்சனிக் – 0.01
காட்மியம் – 0.003
பாதரசம் – 0.001
ஈ.கோலை கிருமி – 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கலாகாது

இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, அலகு. சில அறிக்கைகள் மைக்ரோகிராமில் இருக்கும். ஆயிரம் மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராம். ஈயம் 10 மைக்ரோகிராம் என்றால் அது 0.01 மில்லிகிராம், அதாவது எல்லைக் கோட்டில் நிற்கிறது.

இரண்டு, "கண்டறியப்படவில்லை" என்னும் சொல். கருவி காணக்கூடிய மிகச் சிறிய அளவு எவ்வளவு என்று கேளுங்கள். ஈயத்தை 0.05-க்குக் கீழ் காண முடியாத கருவி "கண்டறியப்படவில்லை" என்றால், நீரில் 0.04 இருந்தாலும் இருக்கலாம். அது அனுமதித்த அளவைப் போல நான்கு மடங்கு ஆகும்.

பாசன நீர் வேறு, குடிநீர் வேறு

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம் பாசன நீருக்குப் பரிந்துரைக்கும் ஈயத்தின் உச்ச அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். குடிநீருக்கு 0.01. இரண்டுக்கும் 500 மடங்கு வேறுபாடு. பயிர் தாங்கும் அளவு வேறு, வளரும் குழந்தையின் மூளை தாங்கும் அளவு வேறு. என்னைக் காண வந்த விவசாயியின் கேள்விக்கு இந்த ஓர் எண்ணே போதிய விடையாகும்.

நீர் தகுதியற்றது எனத் தெரிந்தால்

கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய உலோகம் செறிவாகவே ஆகும். தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலை நீக்கும். கரைந்த உலோகத்தை நம்பத்தக்க அளவில் நீக்கா. குளோரின் இடுவது கிருமிகளுக்கு மட்டுமே. எனவே,

1. உலோகம் அளவு மீறியிருந்தால், அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதை உடனே நிறுத்தவும். குழந்தைகள், கருவுற்ற பெண்களுக்கு முதலில் மாற்று நீர் தரவும்.
2. கூரை மழைநீர், ஆய்வு செய்த வேறு கிணறு, கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஆகியவற்றில் இயன்றதை நாடவும்.
3. சுத்திகரிப்பு எந்திரம் வைத்தால், அதிலிருந்து வெளிவரும் நீரையும் ஆண்டுக்கு இருமுறை ஆய்வு செய்யவும்.
4. ஆய்வு செய்யாத ஆற்று வண்டலை வயலுக்கு அடிக்க வேண்டாம். ஜின்சு சமவெளியில் உலோகம் வயலில் தங்கியது வண்டல் வழியாகவும்தான்.
5. மேல், கீழ் மாதிரிகளின் அறிக்கைகளை இணைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனுக் கொடுக்கவும். நம் மாநிலத்தில் உலக நீர் நாளான மார்ச் 22-இலும் கிராம சபை கூடுகிறது. அறிக்கையைச் சபையில் படித்துப் பதிவு செய்வது பயன் தரும்.

என்னைக் காண வந்த அந்த விவசாயி, ஊராட்சித் தலைவரையும் அழைத்துக்கொண்டு போய் நான்கு இடங்களில் மாதிரி எடுத்தார். கேட்ட உலோகங்கள் அளவுக்குள் இருந்தன. ஆனால் சுரங்கத்துக்குக் கீழே சல்பேட் கூடியிருந்தது, உறைகிணற்றில் ஈ.கோலை இருந்தது. ஊரார் அன்று முதல் குளோரின் இட்டுக் குடிக்கின்றனர். சல்பேட் மேலும் கூடுகிறதா என்று பார்க்க அடுத்த மழைக்கு மாதிரி எடுக்கவும் முடிவு செய்துள்ளனர். அவர் அஞ்சியது ஒன்று, இருந்தது மற்றொன்று. ஆய்வு செய்யாமல் இரண்டையும் அறிந்திருக்க முடியாது.

கமியோகா சுரங்கத்தாரோடு 1972-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஜின்சு ஆற்றோர விவசாயிகள் அறிவியலாளர்களை உடன் அழைத்துக்கொண்டு ஆண்டுதோறும் சுரங்க வளாகத்துக்குள் சென்று, வடிநீரை நேரில் பார்வையிட்டு வந்தனர். ஆற்று நீரில் காட்மியம் இயற்கை அளவுக்கு இறங்கியதில் அந்த இடைவிடாத கண்காணிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. மண் ஆய்வைப் பருவம் தவறாமல் செய்யப் பழகிய நம் விவசாயப் பெருமக்கள், குடிநீர் ஆய்வையும் அவ்வாறே ஊர்க் கடமையாகக் கொண்டு, வீட்டிலுள்ளோர் நலம் காக்க வேண்டுகிறோம்.